நூற்றுப் பதினேழின் மீசை

மீசை வைத்தால் நிரந்தர வேலை கிடைக்கும் என்று ஒரு காலத்தில் நான் மனப்பூர்வமாக நம்பினேன். கடவுளைக்கூட அவ்வளவு நம்பியதில்லை. படிப்பு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், முதுகுப் பலம்கூட அவ்வளவாக வேண்டாம். மேலுதட்டில் மயிர் மொத்தமாக வளர்ந்துவிட்டால் பினாங்குத் துறைமுகத்தின் பெரிய கேட்டு தானாகத் திறந்துகொள்ளும் என்பது என் சித்தாந்தம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் வேடிக்கை.

அந்த நாளில் துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர்கள் இரண்டு ஜாதி. பிறப்பில் வந்த ஜாதியைச் சொல்லவில்லை. அதைப் பலபேர் கப்பல் ஏறியதும் கடலில் போட்டுவிட்டு, இறங்கும்போது தூண்டில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்வது வில்லைக்காரர், நாள்கூலி என்ற இரண்டு ஜாதி. வில்லைக்காரருக்கு இடுப்பு வாரில் நம்பர் வெட்டிய பித்தளை வில்லை, மாசச் சம்பளம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பெனி லயத்தில் குடியிருக்க இடம். நாள்கூலிக்கு இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும். அவர்கள் பெரிய கேட்டு வழியாக நடந்து போவார்கள். நாங்கள் விடிவதற்கு முன்பே பக்கச் சந்தில் வரிசையாக நிற்போம். ஆள் எடுக்கிற தண்டல் மடக்கிய குடையோடு வருவார். யாரையும் வாய் திறந்து கூப்பிடமாட்டார். குடை நுனியால் தோளில் தட்டினால் அன்றைக்கு வேலை. தட்டாமல் தாண்டிப் போனால், கோப்பிக் கடை வாசலில் நின்று அடுத்தவன் குடிக்கிற கோப்பியை மோந்து பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

மற்றவர்களுக்கும் தனித்தனி வாசல் இருந்தது. சீனர்களுக்கு அவர்கள் முதலாளி, தவுக்கே, சொன்னால்தான் மூட்டை நகரும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிப் போகிற தொங்காங் படகுகளில் எங்கள் ஊர் மரைக்காயர்கள். ஆனால் நான் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. சீனனுக்குக் கிடைத்தது சீனனுக்கு. பொறாமை என்பது பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவன் மேல்தான் சரியாகப் பிடிக்கும். வில்லைக்காரர்கள் எங்களோடு சண்டைகூடப் போடமாட்டார்கள். சண்டை போடவும் ஒரு சமத்துவம் வேண்டுமே. தண்ணீர்க் குழாயில் அவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் முறை.

எனக்கு வில்லை மேல் ஆசை வந்தது பித்தளைக்காக அல்ல. அப்போது கல்யாணமான புதிது. என் மனைவி ஜெலுத்தோங்கில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவர் அங்கே மாட்டுவண்டி ஓட்டினார். நான் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கொங்சியில், ஒரு பட்டாளமே ஒரே கூரைக்குக் கீழ் குறட்டை விடுகிற இடத்தில், ஒரு பாய்க்குச் சொந்தக்காரனாக இருந்தேன். அங்கே பெண்டாட்டியைக் கூட்டி வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை டிராம் ஏறி ஜெலுத்தோங் போவேன். மச்சான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

"வாங்க மாப்பிள்ளை. போன வாரமும் வந்தீங்க. இப்படி அடிக்கடி வந்தா மாட்டுக்குக்கூட உங்க மேல பாசம் வந்துடும்லா."

உள்ளே போனால் மனைவி சோறு போட்டபடி தன் ஒரே நிபந்தனையைச் சொல்லுவாள்.

"பெரிய வீடெல்லாம் கேக்கல. தனிக் கதவு வேணும். தகரமோ பலகையோ, நான் சாத்தினா சாத்தினதா இருக்கணும்."

கதவுக்கு அறை வேண்டும், அறைக்கு வில்லை வேண்டும். அவ்வளவுதான் என் வாழ்க்கைக் கணக்கு.

வரிசையில் என் பக்கத்தில் நிற்கிறவர், கொங்சியிலும் எனக்கு அடுத்த பாய். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் அண்ணே என்று கூப்பிடுவேன். உயரமில்லை, பலமில்லை, பேச்சில் சாமர்த்தியமும் இல்லை. குடை என்னைத் தட்டுகிற அளவுக்குத்தான் அவரையும் தட்டும். அந்தக் காரணத்தாலேயே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மழைக்காலத்தில் அவர் மீசை வளர்க்க ஆரம்பித்தார். அது அடர்ந்து, முறுகி, இரண்டு பக்கமும் வண்டிமாட்டுக் கொம்பு மாதிரி நிமிர்ந்தது. ஒருநாள் விடியற்காலை வரிசையில் அவர் இடம் காலி. திரும்பிப் பார்க்கிறேன், இடுப்பில் வில்லை மினுங்க, பெரிய கேட்டு வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்.

பொறாமை நெஞ்சில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அடிவயிற்றில் வந்தது. அன்றைக்குத் தண்டல் என் தோளைத் தட்டியும் எனக்கு ருசிக்கவில்லை. சாயங்காலம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மீசையாலதான் தம்பி."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு என் சித்தாந்தத்தைக் கட்டினேன். துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்தவராம். மீசைக்காரனைக் கண்டால் அவருக்கு நம்பிக்கை வருகிறது. இது தெரியாமல் நான் வாரத்துக்கு இரண்டு தரம் முகம் வழித்துக்கொண்டிருக்கிறேன். மறுநாளே கத்தியைத் தூர வைத்தேன். விளக்கெண்ணெய் தடவினேன், வெங்காயச் சாறு தேய்த்தேன். வளர்ந்தது, ஆனால் பழைய துடைப்பம் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வளர்ந்தது. தண்டல் குடையால் என் மோவாயை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைத் தட்டினார்.

இவ்வளவுக்கும் வில்லை கிடைத்த மனிதர் இன்னும் கொங்சியிலேயே படுத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங்குக்குப் போகாமல் அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் கம்பெனியின் பழைய லயத்துக்குப் போனார். இரண்டு குடும்பத்துக்கு ஓர் அறை, நடுவே ஒரு சாக்குப் படுதா. எட்டிப் பார்த்தால் கயிற்றுக் கட்டிலில் இன்னொருவர் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார். அதே மீசை. அதே கொம்பு. இரண்டு மீசையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க, ஒருவர் கண்ணாடி பார்ப்பது போலவே இருந்தது.

ஒளிந்து பார்த்தவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கட்டிலில் படுத்திருந்தவர்தான் அசல் நூற்றுப் பதினேழாம் நம்பர். பல வருஷம் நிலக்கரி சுமந்து நெஞ்சு போய்விட்டது. வேலைக்கு வராவிட்டால் வில்லையைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் தன் வில்லையைக் கட்டிக்கொண்டு போக ஒரு பதிலாளை வைத்திருந்தார். சம்பளத்தில் பாதி அசலுக்கு, பாதி நகலுக்கு. இது துறைமுகத்தில் ஊரறிந்த வழக்கமாம், கணக்கு எழுதுகிற கிராணிக்குக்கூடத் தெரியுமாம். தெரியாதவர் துரை ஒருவர்தான். பிறகு என்னைப் போல நாலு முட்டாள்கள்.

"தொரைக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒரே மூஞ்சி தம்பி," என்றார் அசல். "நம்பரும் மீசையும்தான் அவருக்கு அடையாளம். அதான் இவர வளக்கச் சொன்னேன்."

அடுத்த கப்பலில் அவர் நாகப்பட்டினம் போகிறார். போனபின் வில்லை யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் நூற்றுப் பதினேழு. அசலின் பேரும் அவருக்குத்தான், பழைய ஆள் என்ற மரியாதையும் அவருக்குத்தான். என் சித்தாந்தம் சரியாகப் போனதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. பக்கத்துப் பாய்க்காரர் வேலை பார்த்து வில்லை வாங்கியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒருவருடைய மொத்த வாழ்க்கையையும் அப்படியே வாங்கிக்கொள்ளப் போகிறார். அதுவும் உதட்டில் முளைத்ததைக் கொண்டு. எனக்கும்தான் உதடு இருக்கிறது.

கிராணியிடம் போட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்ததை மறைப்பானேன். ஆனால் கொடுத்தால் வில்லை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை, கம்பெனிக்குப் போய்விடும். பொறாமைக்காரனுக்கும் கொஞ்சம் புத்தி வேண்டும். மீசையை மட்டும் கவனமாக வளர்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று பக்கத்துப் பாய் அண்ணன் கேட்டபோது அழகுக்கு என்றேன். அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்.

பிறகு அவர் காலில் பெட்டி ஆணி ஏறியது. பாதம் வீங்கி, ஊன்ற முடியவில்லை. அசலோ கட்டிலைவிட்டு இறங்கமாட்டார். அந்த வாரம் துரையே கேட்டில் நின்று ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வராத வில்லையையும் பிடுங்குகிற கோபத்தில் இருந்தாராம். அண்ணன் வில்லையை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

"ஒரு நாளைக்குத்தான் தம்பி. உன்ன நம்பித் தரேன்."

நம்பினார். நான் அந்த வில்லையைக் கட்டும்போதே அதை அவிழ்க்காமல் இருப்பதற்கு என்னென்ன வழி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாள் பூராவும் இரண்டு ஆள் வேலை செய்து காட்டவேண்டும். அசலின் காதில் விழவேண்டும். பதிலாளுக்குப் பதிலாளே மேல் என்று அவர் வாயால் சொல்லவேண்டும். மீசையின் ஓட்டைகளை விளக்குச் சிம்னிக் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்து அடைத்தேன். அண்ணனே பார்த்து, தூரத்திலிருந்து பார்த்தால் குற்றமில்லை என்றார்.

பெரிய கேட்டு வழியாக நுழைந்த அந்தக் காலையை மறக்கமுடியாது. துரை என் இடுப்பைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், தலையசைத்தார். பக்கச் சந்தில் என் கூட்டாளிகள் தோளை முன்னே நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களை நான் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என்றைக்காவது எனக்குத் திரும்பிக் கிடைக்கக் கூடாது என்று இன்றைக்கும் சாமி கும்பிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் எனக்கு மாசச் சம்பளக்காரனின் நடை வந்துவிட்டது. குழாயில் ஒரு நாள்கூலி எனக்கு முன்னால் தண்ணீர் பிடிக்க வந்தான். நான் கனைத்தேன். அவன் விலகினான்.

வெயில் ஏறியது. அரிசி மூட்டை. இரண்டு ஆள் வேலை என்பது இரண்டு ஆள் வியர்வை என்று எனக்குத் தோன்றவில்லை. நடுப்பகலுக்கு மேல் மீசை மெல்ல இறங்கித் தாடியாகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிராணி சரக்கு அடுக்குகிற கிட்டங்கியின் வாசலில் வந்து நின்றார்.

"நூத்துப் பதினேழு எங்கப்பா? அந்த மீசக்காரன ஒடனே தொரை கூப்பிடுறாரு."

மீசைக்காரன் என்று சொன்னாரே, அந்த ஒரு சொல் போதும். துரைக்குத் தெரிந்துவிட்டது. ஆள்மாறாட்டம். போலீஸ், ஜெயில், கைவிலங்கோடு கப்பல். மச்சான் கரையில் நின்று, மாப்பிள்ளை விருந்துக்குப் போறார் என்று கை காட்டுகிறார். நான் மூட்டை அடுக்குக்குப் பின்னால் புகுந்து, பின்வாசல் வழியாக வெளியே விழுந்து, கடற்கரைச் சாலையில் ஓடினேன். ஓடும்போது எனக்கு ஒரே யோசனை: அவர்கள் தேடுவது ஒரு மீசையை, மீசை இல்லாவிட்டால் ஆளே இல்லை.

சாலை முனையில் மரத்தடியில் ஒரு தமிழ் நாவிதர் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் போய் விழுந்து, உதட்டைக் காட்டி, எடுத்துடுங்க என்றேன். மூச்சு வாங்கியது, மீசைக் கரி பட்டுக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். குரல் இளகிவிட்டது.

"அப்பாவா தம்பி, அம்மாவா?"

தமிழன் ஒருவன் நட்டநடுப் பகலில் அழுதுகொண்டு வந்து மீசையை எடுக்கச் சொன்னால் அதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை. அம்மா மேல் எனக்குப் பாசம் அதிகம். அப்பா என்று தலையாட்டினேன்.

அவர் மீசையோடு நிறுத்தவில்லை. முறைப்படி தலையையும் வழித்து மொட்டையாக்கினார். கூலி கொடுக்கப் போனேன், வாங்க மறுத்து, ஆசுவாசப்படுத்தி அனுப்பினார். அதோடு அந்த மரத்தடியில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு தலைக்கும் செய்தியைச் சொல்லியிருக்கிறார். நான் சந்துகளில் சுற்றி ஒளிந்து சாயங்காலம் கொங்சி போய்ச் சேருவதற்குள், என் அப்பா துறைமுகம் பூராவும் இறந்துவிட்டார்.

எனக்கு முன்பே ஆட்கள் கூடியிருந்தார்கள். தண்டல் வந்தார்; குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வெறுங்கையால் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பதினாறு நாள் கழியாமல் வேலைக்கு வரவேண்டாம் என்று கருணையோடு சொன்னார், என் சோற்றில் மண் விழுந்தது. ஒரு வில்லைக்காரர் என் பாயில் என்னோடு உட்கார்ந்து வெற்றிலை நீட்டினார். அந்த ஜாதியிலிருந்து ஒருவர் என் பாயில் உட்கார, எங்கள் வீட்டில் ஒரு சாவு விழவேண்டியிருந்தது.

அண்ணன் வீங்கின காலை இழுத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதார். வில்லையை அவர் கேட்கவில்லை. நானே அவிழ்த்துக் கொடுத்தேன். துரை கூப்பிட்டார், நாளைக்குப் போகாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யாரோ அந்த வாயில் கருப்பட்டித் தண்ணீரை ஊற்றினார்கள். விழுங்கி முடித்தபோது அந்த நல்ல எண்ணமும் உள்ளே போய்விட்டது. மாட்டினால் மாட்டட்டும், மீசை யாருடையதோ அவரே பதில் சொல்லட்டும் என்று தோன்றியது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் இருக்கிறவன் பேசாவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மறுநாள் காலை அண்ணன் வில்லையைக் கட்டிக்கொண்டு நொண்டியபடி வேலைக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. மச்சான் முன்னால், பின்னால் தலைவிரி கோலமாக என் மனைவி. வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை எங்கள் இருவர் தலைமேலும் போட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு அழுகையை விடாமலே, இழுக்கிற மூச்சுக்கு நடுவில் மெதுவாகக் கேட்டாள்.

"தந்தி எப்ப வந்துச்சு?"

"வரல்ல."

"கடுதாசி?"

"அதும் வரல்ல."

மாமாவே என்று ஓங்கி ஒரு குரல் எடுத்துவிட்டுத் திரும்பவும் குனிந்தாள்.

"அப்ப மாமா?"

"நல்லாத்தான் இருப்பாருன்னு நெனைக்கிறேன்."

முந்தானைக்குள் அவள் தோள் குலுங்கியது. சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவள் சிரித்தாளா, கோபத்தில் நடுங்கினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். நடந்ததை எல்லாம் அந்த முந்தானைக்குள்ளேயே சொல்லி முடித்தேன். அவள் மூக்கைத் துடைத்தாள்.

"எங்க அண்ணன் காதுல விழுந்துச்சு, மாட்டுக்குப் பதிலா உங்களப் பூட்டிருவாரு. பதினாறு முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

மச்சான் வந்து எதிரே குந்தினார். எனக்கு அவரைத் தெரியும். ஒரு குத்தலுக்காகக் காத்திருந்தேன். அவர் என் மொட்டைத் தலையைப் பார்த்தார், கண் கலங்கியது. துக்கக்காரன் இப்படி ஊர்க்குறட்டைக்கு நடுவில் கிடக்கக் கூடாது, தன் வீட்டுக்கு வந்துவிடவேண்டும் என்றார். என் பாயை அவரே சுருட்டி வண்டியில் போட்டார். ஜெலுத்தோங் போகிற வழியெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். எல்லாரும் அதைச் சோகம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்நேரம் அண்ணன் கையில் விலங்கு மாட்டியிருப்பார்கள், விசாரணையில் என் பேரைச் சொல்லியிருப்பார், போலீஸ் டிராமில் வந்துகொண்டிருக்கும் என்று நான் உள்ளுக்குள் உதறிக்கொண்டிருந்தேன். அப்படியும் அந்த வில்லை அவர் இடுப்பில் இருக்கிறதே என்கிற எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

போலீஸ் வரவில்லை. சாயங்காலம் அண்ணன்தான் வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, நொண்டிக்கொண்டு.

புது லயம் கட்டி முடிந்திருந்தது. பழைய ஆட்களுக்கு முதலில் என்று கம்பெனி உத்தரவு. முந்தின நாள் துரை நூற்றுப் பதினேழைக் கூப்பிட்டது சாவி கொடுக்க. ஆளுக்கு வயிற்றுப்போக்கு, லயத்துக்குப் போய்விட்டான் என்று மற்ற வில்லைக்காரர்கள் சமாளித்திருக்கிறார்கள். நாளைக்கு வரச்சொல் என்று துரை சாவியை மேஜையில் வைத்துவிட்டார். மறுநாள் அண்ணன் போய் வாங்கிக்கொண்டார். மூலை அறை, பலகைக் கதவு, உள்ளே தாழ்ப்பாள், பின்பக்கம் அடுப்படி. அடுத்த கப்பலில் அசல் ஊருக்குப் போனார். அதற்கடுத்த கப்பலில், அண்ணன் ஊரில் விட்டு வந்திருந்த மனைவி வந்து சேர்ந்தார். நானும் என் மனைவியும் ஜெலுத்தோங்கில் மச்சானின் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஓலைத் தட்டி வைத்துக் குடியிருந்தோம். அந்தப் பதினாறு நாள் கழிந்ததும் நான் மறுபடி பக்கச் சந்தில் போய் நின்றேன். அன்றைக்குக் குடை என்னைத் தட்டவில்லை.